கல்தூண் மேட்டில் இறங்காதவள்

விளக்கு வைத்துக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். ஐப்பசி மழை. மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு வருகிற கிராமத்து ரோடு... பெரிய ரோடு இல்லை கண்ணுங்களா, மரவள்ளிக் குச்சிக்கிழங்குத் தோட்டத்துக்கும் மாந்தோப்புக்கும் நடுவிலே வளைந்து வளைந்து வருமே, அது. கரண்ட் போய்விட்டது. ஆள் இல்லை. நாய்கூட இல்லை.

அந்த ரோட்டிலே ஒரு பொம்பளை. தனியாக. சைக்கிளில்.

கிட்ட வாங்க. போர்வையை இழுத்து விடுங்க, அந்த ஓரத்துப் பிள்ளைக்கும் எட்டட்டும். ஈரச் சாக்ஸைக் கழட்டி அடுப்போரம் போடுங்க. நாளைக்கு வெயில் வராது, இந்தச் சூட்டில் காய்ந்தால்தான் உண்டு. நீங்களும் சைக்கிள் மிதிக்கிறவங்க. அதனால்தான் இதை உங்களிடம் சொல்கிறேன். மற்றவர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள்.

என் சிநேகிதி ரோசம்மாவுக்கு நாத்தனார் மகள் அவள். பெயர் சகாயராணி. நாற்பது தாண்டிவிட்டது. தருமபுரியில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள். நாள் முழுக்க உட்கார்ந்த வேலை. முட்டி பிடித்துக்கொண்டது என்று டாக்டரிடம் போனாள், அவர் சைக்கிள் ஓட்டச் சொன்னார். மாத்திரை மாதிரி தினம் கொஞ்சம் என்றுதான் சொன்னார். இவள் நூறு கிலோமீட்டர் போய்விட்டு வந்து நின்றாள்.

அப்புறம் இருநூறு கிலோமீட்டர் சவாரியில் பெயர் கொடுத்தாள். உங்களுக்குத் தெரிந்ததுதான். விடிகாலையில் தருமபுரியில் கிளம்பணும். அரூர் தாண்டி, திருவண்ணாமலை ரோட்டில் போய்த் திரும்பி, மொரப்பூர் வழியாகத் தருமபுரிக்கே வந்து சேரணும். சாயங்காலம் ஏழரைக்குள் வந்தால் மெடல். பிந்தினால் ஒன்றும் கிடையாது. அவ்வளவு தூரம் மிதித்ததும் இல்லை என்று ஆகிவிடும்.

இரண்டு தடவை போனாள். இரண்டு தடவையும் பிந்தினாள். இரண்டு தடவையும் ஒரே இடத்தில்.

கல்தூண் மேடு.

ரோட்டோரம் இரண்டு கல்தூண் நிற்கும். ஆள் உயரத்துக்கு மேலே. நடுவில் கதவு இல்லை, பின்னால் வீடு இல்லை. முன்னொரு காலத்தில் அங்கே ஒரு மிட்டாதாரர் வீடு இருந்தது. ஊர் நிலமெல்லாம் அவருடையது. சாயங்காலமானால் வாசலில் நாற்காலி போட்டு உட்காருவார். பருமனான ஆள். புகையிலை மெல்லுகிற வாய். காலில் கனத்த தோல் செருப்பு, நடந்தால் சர்ரக்... சர்ரக்... என்று கேட்குமாம். கையில் வெள்ளிப் பூண் போட்ட தடி.

அவர் வாசலைத் தாண்டி யாரும் சைக்கிளில் போகக் கூடாது. தூணுக்கு முன்னால் இறங்கணும். மேடு ஏறி, அந்தப் பக்கம் இருக்கிற சின்னப் பாலம் வரைக்கும் தள்ளிக்கொண்டு போகணும். பாலம் தாண்டித்தான் ஏறலாம். சொந்த நிலம் வைத்திருந்தவர்களும் இறங்கினார்கள். மாதா கோயில் தெருக்காரர்கள் என்றால் செருப்பையும் கழட்டிக் கையில் வைத்துக்கொள்ளணும்.

சகாயராணி அந்தத் தெருதான். அவள் அப்பா செபாஸ்டின் வாலிபத்தில் பால்கேன் கட்டிக்கொண்டு தினம் அந்த வழியாகத்தான் டவுனுக்குப் போவார். இரண்டு கேன் பாலோடு மேடு ஏற்றிப் பாருங்கள்... வெறுங்காலோடு. மழையில் வழுக்கும். செருப்பு அக்குளில் இருக்கும்.

ஒரே ஒரு நாள் அவர் இறங்கவில்லை. கல்யாணமான புதுசு. புது பெல் ஒன்று வாங்கி மாட்டியிருந்தார். அதை அடித்துக்கொண்டே போனாராம். அன்றைக்குப் பாலெல்லாம் ரோட்டில் கொட்டிப்போய், காலிக் கேனோடு வீடு திரும்பினார். முன்சக்கரம் வளைந்திருந்தது. முதுகைத் திருப்பி யாருக்கும் காட்டவில்லை. பெல்லைக் கழட்டிப் பரணில் போட்டார். போட்டதுதான்.

மிட்டாதாரர் செத்தார். வாரிசுகள் விற்றுவிட்டுப் போனார்கள். வீடு இடிந்தது. ஆனால் ஜனங்கள் இறங்குவதை விடவில்லை கண்ணுங்களா! சகாயராணி சின்னப் பிள்ளையாக இருந்தபோது அப்பா அவளை முன்கம்பியில் உட்கார வைத்துக் கூட்டிக்கொண்டு போவார். தூண் வந்ததும் இறங்கிவிடுவார்.

"செத்தவருக்கு எதுக்குப்பா எறங்கணும்?"

"எறங்குனா ஒண்ணும் ஆகாது பாப்பா. பேசாம ஒக்காரு."

அதைத் தாண்டிச் சொல்ல மாட்டார். ஆனால் அந்த மேட்டில் அப்பாவுக்கு மூச்சு இரைப்பதை அவள் கேட்டிருக்கிறாள். சைக்கிளையும் ஒரு சின்னப் பிள்ளையையும் தள்ளுகிறவனுக்கு அப்படி இரைக்காது.

இப்போது என்ன ஆயிற்று என்றால், கேளுங்க, சிரிக்காதீங்க... சைக்கிள் கிளப்புக்காரர்கள் வந்தார்கள். எல்லாரும் படித்த பிள்ளைகள், நல்ல பிள்ளைகள். ஊர்க்காரர்கள் இறங்குவதைப் பார்த்து, ஏதோ சாமி இடம் என்று நினைத்துக்கொண்டார்கள். அவர்களும் இறங்கினார்கள். தூணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். போட்டோ எடுத்தார்கள். தொட்டால் பஞ்சர் ஆகாதாம்! ஒருத்தன் தூணுக்கு மாலையே போட்டுவிட்டான்.

சகாயராணியும் இரண்டு தடவை இறங்கினாள். கால் தானாக இறங்கிவிட்டது என்றாள். சின்ன வயசுப் பழக்கம். தள்ள ஆரம்பித்தால்... வண்டி கனக்கிறது. விறகுக் கட்டு ஏற்றின மாதிரி. அவள் வண்டி ஒல்லி வண்டி, ஒரு விரலில் தூக்கலாம். அதைத் தள்ள முடியாமல் பாலத்துக்கு வந்து சேர்வதற்குள் உடம்பு முறிந்து, அப்புறம் மிதிக்கத் தெம்பில்லாமல், அவள் டவுனுக்குள் நுழையும்போது நேரம் குறிக்கிற மேசையை மடக்கி எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள்.

புருஷன் ஜேக்கப் நல்லவன்தான். ஆனால் அவனுக்கும் அலுத்துவிட்டது.

"ஏம்மா, இந்த வண்டி நம்ம வூட்ல என்னைவிட அதிக எடம் புடிச்சிருக்குது. இந்தத் தடவையும் முடியலன்னா குடுத்துடலாம். சரியா?"

"சரி" என்றுவிட்டாள். சொன்ன வார்த்தை மாறுகிற ஆள் இல்லை அவள்.

அப்பா இப்போது டவுனில் இவள் வீட்டில்தான், படுக்கையில். ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டது. அவள் ஒவ்வொரு சவாரி முடிந்து வந்ததும் ஒன்றே ஒன்றுதான் கேட்பார்.

"எறங்குனியா?"

"எறங்குனேன்பா."

"ம்..." என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார்.

மூன்றாவது தடவைக்கு முந்தின நாள் அவள் பஸ்ஸில் ஊருக்குப் போய், பழைய வீட்டுப் பரணில் ஏறினாள். அந்த பெல்லை எடுத்து வந்தாள். துரு. தேங்காய் எண்ணெய் விட்டுத் துடைத்தாள். அமுக்கினால் கட்டைச் சத்தம்தான் வந்தது... டக், டக். பரவாயில்லை என்று மாட்டினாள். அப்பா பார்த்துக்கொண்டே இருந்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

சவாரி அன்றைக்கு நன்றாகத்தான் போயிற்று. மொரப்பூர் வரைக்கும் முனிராஜ் கூடவே வந்தான். இண்டூர்க்காரன், தோட்டம் துரவு உள்ள வீட்டுப் பிள்ளை, சகாயராணிக்குத் தம்பி மாதிரி. ரயில்வே ஸ்டேஷன் பக்கத்தில் அவன் டயர் பஞ்சர்.

"தூணத் தொடப் போற அவசரத்துல காத்து எறங்கிடுச்சு போல" என்று இவள் கிண்டல் செய்தாள்.

"நீங்க போங்கக்கா, நேரமாவுது. நான் ஒட்டிட்டு வந்துடறேன். அக்கா... மேட்டுல எறங்கிடுங்க. இந்தப் பக்கம் வந்தா எங்க வூட்லயே எல்லாரும் எறங்குவாங்க."

"எதுக்கு எறங்கறீங்கன்னு கேட்டிருக்கியா?"

முனிராஜ் கேட்டதில்லை.

அவள் போனாள். மழை பிடித்துக்கொண்டது. கரண்ட் போயிற்று. வண்டி விளக்கு வெளிச்சம் மட்டும் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. நேரம் கணக்காக இருந்தது. மிதித்துக்கொண்டே போனால் போய்விடலாம். இறங்கினால் அவ்வளவுதான், வண்டியும் போச்சு.

தூண் தெரிந்தது. மாலை போட்டவன் போட்ட மாலை, காய்ந்து, மழையில் கறுத்துத் தொங்கிக்கொண்டிருந்தது.

அவள் இறங்கவில்லை.

தூணைத் தாண்டினாள். ஒன்றும் இல்லை. தவளைச் சத்தம் ஊரைத் தூக்கிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் ஏறினாள்...

தவளை நின்றது. எல்லாம் ஒரே சமயத்தில். யாரோ வாயைப் பொத்தின மாதிரி.

அப்புறம் வாசனை. புகையிலை. நனைந்த தோல்.

அப்புறம் பின்னால்... சர்ரக்.

சர்ரக்... டொக். சர்ரக்... டொக்.

அவசரப்படாத நடை. ஓடவே தேவையில்லாத ஆளின் நடை. அவள் கியரைக் குறைத்தாள். மிதித்தாள். சத்தம் கிட்டே வந்தது. பின்சக்கரம் ஒருதரம் அமுங்கியது. யாரோ கேரியரில் உட்கார்ந்தார்கள்.

அவள் வண்டியில் கேரியர் கிடையாது கண்ணுங்களா.

பெடல் கல்லாகிவிட்டது. ஒரு சுற்றுக்கு உயிர் போகிறது. வண்டி நிற்கிற அளவுக்கு வந்துவிட்டது, ஹேண்டில் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஆடுகிறது. கால் இறங்கத் துடிக்கிறது. பிடரியில் மூச்சு படுகிறது. சில்லென்று... புகையிலை நாற்றத்தோடு.

"ஏ. எறங்கு."

உரக்கச் சொல்லவில்லை. சத்தம் போட்டுப் பழகாத குரல். சொன்னால் நடக்கும் என்கிற குரல்.

அவள் மிதித்தாள்.

"யாரு வூட்டுப் புள்ள நீ?"

அந்தக் கேள்விதான் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. பயம் இருந்தது, இல்லாமல் என்ன. பல் கிட்டிக்கொண்டிருந்தது. ஆனால் பயத்துக்கு அடியிலிருந்து வேறொன்று பொங்கிக்கொண்டு வந்தது. அக்குளில் செருப்பு. மழையில் வழுக்குகிற வெறுங்கால். முதுகைக் காட்டாத அப்பா. இத்தனை வருஷமாக அவர் தள்ளினது வெறும் சைக்கிளை இல்லை. செத்த பிறகும் இந்த ஆளைத்தான் உட்கார வைத்து மேடு ஏற்றியிருக்கிறார்! ஊரே ஏற்றியிருக்கிறது. படித்த பிள்ளைகளும் மாலை போட்டு ஏற்றியிருக்கிறார்கள்.

"செபாஸ்டின் மவ" என்றாள். "எறங்க மாட்டேன்."

தடி பின்சக்கரத்தில் உரசியது. கம்பிகள் டர்ர்ர் என்று அதிர்ந்தன. ஒரு கை வந்து அவள் சட்டையைப் பின்னால் பிடித்தது. ஐந்து விரலும் தெரிந்தது.

"எறங்குடீ."

அவள் கட்டைவிரல் பெல்லின் மேல் இருந்தது. அமுக்கினாள்.

ட்ரிங்...!

கட்டைச் சத்தம் இல்லை. புது பெல். கடையிலிருந்து இப்போதுதான் எடுத்து வந்த மாதிரி. மாந்தோப்பெல்லாம் எதிரொலித்தது. மறுபடி அடித்தாள். மறுபடி. நின்றுகொண்டே மிதித்தாள். தொண்டை கிழியக் கத்தினாள்:

"ஒக்காந்து வந்தது போதும். நீ எறங்கு!"

சட்டையைப் பிடித்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாக விட்டன.

பின்சக்கரம் மேலே எழும்பியது. யாரோ... இறங்கினார்கள்.

வண்டி அம்பு மாதிரி மேடு ஏறியது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் காது இருக்கிறதே. பின்னால் நடை கேட்டது. இந்தத் தடவை சர்ரக் இல்லை. டொக் இல்லை. சளப்... சளப்... ஈர ரோட்டில் வெறுங்கால். மூச்சு இரைக்கிற சத்தம். மேடு ஏறத் தெரியாதவன் ஏறுகிற மாதிரி.

பாலம் வந்தது. தாண்டினாள். தவளைகள் மறுபடி கத்த ஆரம்பித்தன.

டவுனுக்குள் நுழைந்தபோது மேசை இருந்தது. மேசைக்குப் பின்னால் ஆட்கள் இருந்தார்கள். ஜேக்கப் குடையை மடக்கி வைத்துவிட்டு, நனைந்துகொண்டு கை தட்டினான். அவள் நேராக வீட்டுக்குப் போனாள். அப்பா கட்டில் பக்கம் போய் நின்றாள். தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"எறங்குனியா?"

"இல்லப்பா."

அவர் வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டது. அழுகிறாரோ என்று பயந்தாள். சிரித்துக்கொண்டிருந்தார்.

"மணி சத்தம் கேட்டுச்சு" என்றார்.

அந்த மேடு அவள் வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்று நீங்களே நாளைக்கு மிதித்துப் பார்த்துக்கொள்வீர்கள்.

அவள் உடை மாற்றிக்கொண்டு வருவதற்குள் முனிராஜ் வந்துவிட்டான். வாசலோடு நின்றான். உள்ளே வாடா, டீ குடிடா என்று ஜேக்கப் கூப்பிட்டான். வரவில்லை.

"அக்கா... நானும் எறங்கல. உங்க பெல் சத்தம் எனக்கு முன்னால கேட்டுக்கிட்டே இருந்துச்சு. நீங்க பக்கத்துலதான் போறீங்கன்னு நெனச்சு அது பின்னாலயே வந்துட்டேன்."

"நான் எப்பவோ வந்து சேந்துட்டேனே தம்பி."

"தெரியுதுக்கா." சைக்கிளைச் சுவரில் சாய்த்தான். "பாலத்துக்கு முன்னால ஒரு சோடி செருப்பு கெடக்குது. பழைய காலத்துத் தோல் செருப்பு. கழட்டி, ஒழுங்கா ஓரமா வச்சிருக்குது... கோயில் வாசல்ல வப்பாங்களே, அந்த மாதிரி."

"மழையில யாராச்சும் வுட்டுட்டுப் போயிருப்பாங்கப்பா" என்றான் ஜேக்கப்.

"நானும் அப்படித்தாங்க நெனச்சேன். ரோடெல்லாம் தண்ணி ஓடுது. அந்தச் செருப்புல ஒரு பொட்டு ஈரம் இல்ல." முனிராஜ் தன் வலது கையை விரித்து அதையே பார்த்துக்கொண்டு சொன்னான்:

"உள்ள கைய வச்சுப் பாத்தேன்க்கா. இன்னும் சூடு ஆறல."