காக்கைக்கு உப்பில்லாத முட்டை

கூடு கட்டும் பருவத்தில் காக்கைக்கு வெறும் சோறு வைத்தால் போதாது. ஊரே வெறும் சோற்றைத்தான் வைக்கிறது. வைத்துவிட்டு, அன்னசத்திரமே திறந்துவிட்ட மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு உள்ளே போய்விடுகிறது. குஞ்சு வளர்கிற நேரத்தில் அதற்குப் புரதம் வேண்டும், எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். முட்டையை வேகவைத்து ஓட்டோடு நசுக்கிப் போடலாம். முள் எடுத்த மீன் நல்லது. ஊறவைத்த வேர்க்கடலை, கொஞ்சம் பப்பாளி. உப்பும் எண்ணெயும் மட்டும் கூடவே கூடாது.

திருவொற்றியூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு வாதாம் மரம் இருக்கிறது. போன சித்திரையில் அதில் ஒரு காக்கை ஜோடி கூடு கட்டியது. இங்கே சுள்ளிக்கு எங்கே போவது? பக்கத்துப் பட்டறைகளிலிருந்து கட்டுக்கம்பியாகப் பொறுக்கிவந்து கட்டின. கான்கிரீட் போடுவது மட்டும்தான் பாக்கி.

அதே சித்திரையில்தான் என் வீட்டுக்காரர் வல்லரசு படுத்தார். துறைமுகத்துக்குக் கன்டெய்னர் லாரி ஓட்டியவர். பக்கவாதம். வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது, பேச்சும் போய்விட்டது. பேச்சு போனதில் எனக்கு வருத்தம் என்று எல்லோரிடமும் சொன்னேன். வாராவாரம் வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸ் சைமா, தங்கமான பெண், சாப்பாட்டை விளக்கமாகச் சொன்னாள்.

"நல்லா மசிச்சுக் குடுக்கணும்க்கா. முட்ட, முள்ளெடுத்த மீனு. உப்பு, எண்ண வேணாம். ஒடம்புல சத்து ஏறிச்சுன்னா எய்ந்து ஒக்காந்துடுவாரு."

கவனித்தீர்களா? குஞ்சுக்கு என்ன சாப்பாடோ அதே சாப்பாடு. ஒரே அடுப்பு, ஒரே சட்டி. ஆனால் எழுந்து உட்கார்ந்துவிடுவார் என்றாளே, அதை நான் நிறைய யோசித்தேன்.

இவர் நடமாடிய காலத்தில் எங்கள் வீட்டில் யார் சாப்பிடுவது, எப்போது சாப்பிடுவது என்பதெல்லாம் இவர் முடிவு. கோபம் வந்தால் சோற்றுப்பானையைத் தூக்கிப்போய்ச் சாக்கடையில் கவிழ்த்துவிடுவார். நான் மாசமாக இருந்தபோதும் கவிழ்த்தார். அந்தக் குழந்தை தங்கவில்லை. நான் பழிவாங்கினேன் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாதே என்றுதான் இதைச் சொல்கிறேன். மனதில் வைத்திருந்தால் சொல்லியிருப்பேனா?

காலையில் முட்டையை மசித்துத் தட்டில் எடுத்துவந்து முதலில் அவருக்குக் காட்டுவேன். வீட்டுக்குப் பெரியவர் இல்லையா, அந்த மரியாதை. பிறகு பின்பக்க மதில்மேல் கொண்டுபோய் வைப்பேன். அவருக்குப் பொழுது போக வேண்டுமே என்று கட்டிலை ஜன்னலோரம் நகர்த்தி, முதுகுக்குத் தலையணை முட்டுக் கொடுத்திருந்தேன். காக்கை கொத்திக்கொண்டு பறந்து குஞ்சின் வாயில் திணிப்பதைக் கண் இமைக்காமல் பார்ப்பார். பறவைகள்மேல் அவருக்கு இவ்வளவு ஈடுபாடு இருந்தது அதுவரை எனக்குத் தெரியாது. அவருக்கு வடிகஞ்சியின் தெளிவைக் கொடுத்தேன். வெயில் காலத்தில் நீர்ச்சத்து முக்கியம்.

சைமாவுக்குத்தான் உறுத்தியது. "இன்னாக்கா, இப்டி எளைச்சுட்டாரு? முட்ட குடுக்குறீங்களா இல்லியா?"

"தெனம் ரெண்டு போவுது சைமா."

நான் பொய் சொல்வதில்லை. அவர் இடது கையால் சைமாவின் கோட்டைப் பிடித்துக்கொண்டு, ஜன்னலைப் பார்த்துப் பார்த்து "ஏ... ஏ..." என்றார். கண்ணில் தண்ணீர் வேறு.

"காக்கா கூடு கட்டிகீது. அத்தப் பாக்கச் சொல்றாரு," என்றேன்.

பாவம், அவளும் எட்டிப் பார்த்தாள். "அய்ய, குஞ்சுங்கோ நல்லா கொழுகொழுன்னு கீதே!"

ஆனி முடிவதற்குள் குஞ்சுகள் பறந்துவிட்டன. அவரும் போய்விட்டார். பக்கவாதம் வந்த உடம்பு, வேறென்ன ஆகும் என்றார்கள். சுற்றி வளைப்பானேன், பட்டினி போட்டுத்தான் கொன்றேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் படையல் போட்டு, இலையை மதில்மேல் வைத்தோம். காக்கை எடுக்காவிட்டால் செத்தவருக்கு மனக்குறை என்பார்கள். சில வீடுகளில் கா கா என்று கத்திக் கத்தியே தொண்டை வற்றிவிடும். இங்கே நான் கையைக்கூட எடுக்கவில்லை, குடும்பத்தோடு வந்து இறங்கிவிட்டன. இலையில் ஒரு பருக்கை மிஞ்சவில்லை. வந்திருந்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். எர்ணாவூரிலிருந்து வந்திருந்த அவருடைய அக்கா பூவம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"எந்தம்பி வவுறு ரொம்பித்தான் போயிக்கிறான்டி. ஒரு கொறயும் வெக்கல நீ."

எனக்கும் அழுகை வந்தது. நிஜமாகவே வந்தது, பெருமையில்.

போன வாரம் பூவம்மா மறுபடி வந்தாள். அவர்களுடைய அண்ணன் அப்பாவு வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து படுத்த படுக்கையாகக் கிடக்கிறாராம். பெண்டாட்டி, பிள்ளை யாரும் இல்லை. "உன்ன மாரி யாரு பாத்துக்குவா சிவந்தி? காக்காவே சாட்சி சொல்லிச்சே," என்றாள்.

அப்பாவு மாமாவை எனக்கு ரொம்பப் பிடிக்கும். பானை கவிழ்ந்த நாட்களில், யாருக்கும் தெரியாமல் கொல்லைப்பக்கமாக வந்து, எனக்கு இட்லிப் பொட்டலம் கொடுத்துவிட்டுப் போனவர் அவர் ஒருவர்தான். பேச்செல்லாம் நன்றாகவே வரும். ஆனால் யாரையும் குறை சொல்கிற வழக்கம் அவருக்குக் கிடையாது.

சரி, ஞாயிற்றுக்கிழமை கூட்டிவாருங்கள் என்றுவிட்டேன். பங்குனி பிறந்துவிட்டது. இந்த முறை மரத்தில் இரண்டு கூடு.