கடன் வாங்காத குற்றம்

ஹசன் அலி: ...மறுபடி சொல்லும் மருமவனே. பேங்கு மேனேஜர் சொன்னதை அப்படியே சொல்லும்.

அப்ரார்: "படிப்புக் கடனுக்கு ஜாமீன் நிக்க உங்க மாமாவுக்கு சிபில் மார்க்கே இல்ல"ன்னாரு.

ஹசன் அலி: இல்லன்னா? கொறைச்சலா?

அப்ரார்: கொறைச்சல் எனக்கு. உங்களுக்கு ஒண்ணுமே இல்ல மாமா. மைனஸ் ஒண்ணுன்னு காட்டுது.

ஹசன் அலி: ஏட்டி மும்தாஜு, என்ன சிரிப்பு? பேட்டை பூரா கேட்டுப் பாரு. இந்த ஹசன் அலி ஒருத்தன்கிட்ட கடன்னு கை நீட்டிருக்கானா?

மும்தாஜ்: அதான் மார்க்கு போடல. வாங்கி ஒழுங்கா கட்டுனாத்தான் மார்க்காம். பரிச்சையே எழுதாதவங்களுக்கு எப்படிப் போடுவான்?

ஹசன் அலி: நல்ல நியாயம். கடையை மூடி மஞ்சக் கடுதாசி கொடுத்தவருக்கு மார்க்கு இருக்கு. எனக்கு இல்ல.

அப்ரார்: இருக்கு மாமா. ஐநூத்திச் சொச்சம். ஃபெயில் மார்க்கு.

மும்தாஜ்: அவரை ஏன் குத்துதிய? எம் மவளை ஆஸ்பத்திரியில வச்சுப் பாத்துத்தானே கடையைத் தொலைச்சாரு. அப்பவும் சபீதா தங்கல...

ஹசன் அலி: குத்தலட்டி. வட்டி மார்க்கத்துல ஆகாதுன்னு தெரிஞ்சும் ஜாமீன் கையெழுத்துப் போடுதேன்னு போனவன் நான்.

அப்ரார்: தெரியும் மாமா... விடுங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள ஃபீஸ் கட்டலன்னா எம்.டெக் சீட்டு அடுத்த ஆளுக்கு. போட்டும்.

மும்தாஜ்: என்ன போட்டும்? ரெண்டு வருசமா பேச்சு மூச்சில்லாம கெடந்திய. சீட்டு வந்த அன்னைக்குத்தான் ரெண்டாந்தரம் சோறு கேட்டிய. மேனேஜர் வேற வழியே சொல்லலயா?

அப்ரார்: பழைய கடன்லருந்து கோர்ட்டு என்னை விடுவிச்ச உத்தரவைப் பாத்தாரு. கூட கையெழுத்துப் போடுதவங்களுக்கு வருமானமும் நல்ல மார்க்கும் இருந்தா, நாளைக்கே எழுதி மேல அனுப்புதேன்னாரு. நம்மள்ள யாருக்கு இருக்கு?

மும்தாஜ்: ...எவ்வளவு மார்க்கு வேணுமாம்?

அப்ரார்: எழுநூத்தி அம்பதுக்கு மேல.

மும்தாஜ்: உங்க போன்ல பாக்க முடியுமா?

அப்ரார்: யாருக்கு மாமி?

மும்தாஜ்: சும்மாதான்... இந்தாங்க என் பான் கார்டு.

ஹசன் அலி: ஏட்டி, உனக்கு எதுக்கு? தையக்கடைக்கு வரிக்கணக்கு காட்டுத, சரி. நீ எங்க கடன் வாங்குன?

மும்தாஜ்: நீங்க கொஞ்சம் பைய இருங்க.

அப்ரார்: உங்க போனுக்கு ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க மாமி... சுத்துது... இன்னும் சுத்துது... மாமி.

மும்தாஜ்: என்ன, கொறைவா?

அப்ரார்: எழுநூத்தித் தொண்ணூத்தி ரெண்டு.

மும்தாஜ்: அல்ஹம்துலில்லாஹ். அப்ப பாஸா?

அப்ரார்: பாஸா? முத வகுப்பு மாமி. இங்கன பாருங்க... மகளிர் குழு கடன். ஒண்ணு, ரெண்டு... நாலு தரம் வாங்கியிருக்கிய. அத்தனையும் கட்டியாச்சு.

மும்தாஜ்: அந்தக் கடைசி வரியை மெதுவாப் படிச்சிருக்கலாம்லா.

அப்ரார்: எனக்குச் சீட்டு இருக்கு மாமா.

மும்தாஜ்: ஏங்க... அப்படிப் பாக்காதிய. சபீதாவைக் காலேஜுல சேக்க அரசாங்கத்துல உதவித்தொகை வந்துச்சுன்னு சொன்னேன்லா. அது இந்தக் குழுக்கடன்தான். வட்டின்னு தெரிஞ்சா நீங்க படிக்க விட்டிருக்க மாட்டிய. பிள்ளை அழுதா.

அப்ரார்: எங்கிட்ட கூட அவ சொல்லல.

மும்தாஜ்: சொல்லக் கூடாதுன்னு நான்தான் சத்தியம் வாங்குனேன்... என்னங்க, திட்டணும்னா இப்பவே திட்டிருங்க. நாளைக்கு நான் பேங்குக்குப் போவேன்.

ஹசன் அலி: போ. யாரு வேண்டாம்னா? மருமவனே, வண்டிக்குப் பெட்ரோல் போட்டு வையும்.

மும்தாஜ்: கோவம் இல்லயா உங்களுக்கு?

ஹசன் அலி: நீ ஆப்பரேசன் பண்ணி ரெண்டு மாசம் எந்திரிக்காம கெடந்தியே, அப்பத் தவணையை யாரு கட்டுனா?

மும்தாஜ்: குழுத்தலைவி தேவமணி அக்காதான். கைக்காசைப் போட்டுக் கட்டிட்டேன், பெறவு தந்தாப் போதும்னுச்சு. பெறவு கொடுக்கப் போனா, வாங்கவே மாட்டேன்னுட்டு...

ஹசன் அலி: எப்படிட்டி வாங்கும்? நான்லா வட்டியோட கொண்டு போயி கொடுத்திருந்தேன்.