மோகினி ஏன் கத்தினாள்?

— அந்த ஒரு சீனை மட்டும் வெட்டிடுங்க. மத்த படத்தை எப்படி வேணும்னாலும் போட்டுக்கோங்க.

— நூரு, என்ன பேசுற நீ? ரத்த மழை சீனை வெட்டிட்டா அந்தப் படத்துல என்ன இருக்கு? பிரியாணியில கறியைப் பொறுக்கிட்டு வெறும் சோத்தை வைக்கச் சொல்றியா?

— மெதுவாப் பேசுங்க. மாமி இப்பதான் அசர் தொழுதுட்டு உள்ள படுத்தாங்க.

— சரி, உம்மா தூங்கட்டும், மெதுவாவே சொல்றேன். சனிக்கிழமை மத்தியானம் லிட்டில் இந்தியா ஹால் நிறைஞ்சிரும் லா. தோ பாயோல இருந்து வர்றாங்க, ஜொகூர்ல இருந்துகூட வர்றாங்க. எல்லாம் எதுக்கு? ‘பன்னிரண்டாம் மாடி மோகினி’யைப் பாக்கறதுக்கு! இப்ப உலகத்துலயே அதுக்கு இருக்கறது ஒரே காப்பி, தெரியுமா உனக்கு? உன் புருஷன் இந்த ரவூபோட வீடியோ டேப். பூஞ்சை பிடிச்சுக் கிடந்ததை என் கூட்டாளி ஹனீபா துடைச்சு, கம்ப்யூட்டர்ல ஏத்தி, உசிரு குடுத்து வச்சிருக்கான்.

— குப்பைப் படம்ங்க அது.

— குப்பைதான்! அதுதான் கிளாஸ்! பன்னிரண்டாம் மாடின்னு பேரை வச்சுக்கிட்டு ரெண்டு மாடி வீட்டு மொட்டை மாடில எடுத்து முடிச்சான். வௌவாலைத் தூண்டில் நரம்புல கட்டித் தொங்க விட்டான். வில்லன் கார் அடிக்கடி எரியுது, எப்ப எரிஞ்சாலும் அதே கார். மோகினி அந்தரத்துல மிதந்து வர்றா, கீழ பாத்தா காலுல ரப்பர் சிலிப்பர்! இப்ப கோடி கோடியாக் கொட்டி எடுக்கறானுங்களே, ஒருத்தனுக்காவது அந்தத் தைரியம் வருமா?

— சிலிப்பரை விடுங்க. நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க.

— எப்படி வெட்டுவேன்? எங்க வாட்ஸ்அப் குரூப்ல ஓயாத சண்டையே அந்த சீன்தான். எல்லாப் படத்துலயும் பேயைப் பாத்து ஆளுங்க கத்துவாங்க. இதுல ரத்த மழை பெய்யுது, மோகினி அண்ணாந்து பாக்குறா, பேயே கத்துது! ஏன் கத்துது? சாபம் தீர்ந்த சந்தோஷம்ங்கிறான் ஒருத்தன். செத்துப்போன புருஷனைப் பாத்துட்டாங்கிறான் இன்னொருத்தன். படத்துல வேற ‘மோகினி: புதுமுகம்’னு போட்டிருக்கான், முகமே காட்டாம! சனிக்கிழமை போட்டியே வச்சிருக்கேன். அவளை மாதிரி யாரு கத்துறாங்களோ அவங்களுக்கு ஒரு டேக்ஸா நிறைய பிரியாணி.

— போட்டியா? அந்தக் கத்தலுக்கா? யா அல்லா... ஊரே சிரிச்சுக்கிட்டு அதைக் கத்திப் பாக்கப் போகுதா?

— மத்தவங்க சிரிக்கலாம். நான் அந்த இடத்துல சிரிச்சதே இல்ல, நூரு. உங்கிட்ட சொன்னதில்ல... எங்க அண்ணன் காதர் நானா மவுத்தாகிப் போனப்ப வாப்பா யாரையும் அழ விடல. சத்தம் போட்டு அழுதா மய்யித்துக்கு வேதனைன்னுட்டார். நானா போட்டோவை ஒண்ணுவிடாம எடுத்து ஒளிச்சுட்டார். வீட்ல பேச்சே இல்ல. எனக்கு அப்ப பதினேழு வயசு, நெஞ்சு அடைச்சுக்கிட்டே திரிஞ்சேன். அப்புறம் ஒருநாள் புக்கிட் மேரால ஹனீபா வீட்டு டெக்ல இந்தப் படத்தைப் போட்டான். அவ கத்தினா பாரு, நானும் கூடவே கத்தினேன். பயந்துட்டேன்னு ஹனீபா நினைச்சான். நான் நானாவுக்காகக் கத்தினேன். அன்னிக்குத்தான் எனக்குத் தூக்கமே வந்துச்சு. இப்பச் சொல்லு, அதை வெட்டுறதா?

— இதை ஏங்க இத்தனை வருஷமா எங்கிட்ட சொல்லல?

— நீ ஏன் வெட்டச் சொல்றன்னு முதல்ல சொல்லு.

— அந்த சிலிப்பர் என்னோடது.

— எந்த சிலிப்பர்?

— மோகினி காலுல இருந்தது. எங்க வீட்டு பாத்ரூம் சிலிப்பர். நான்தாங்க அந்த மோகினி.

— விளையாடாத லா.

— இதுல விளையாட என்ன இருக்கு? முழங்கால் வரைக்கும் முடி யாருக்கு இருந்துச்சுன்னு நம்ம கல்யாண வீடியோவைப் போட்டுப் பாருங்க.

— நூரு! நீ... ஏய், ஒரு நிமிஷம் இரு. நான் உக்காந்துக்கிறேன். என் வீட்டுக்குள்ளயே... எனக்குச் சோறு போட்டுக்கிட்டு... மோகினி! குரூப்ல சொன்னா செத்துருவானுங்க! ஏன்டி சொல்லல?

— எப்படிச் சொல்றது? பொண்ணு பாக்க வந்த அன்னிக்கே உங்க வாப்பா, சினிமா வாசனை படாத வீடா வேணும்னாரு. எங்க அத்தா தலையை ஆட்டிட்டாரு. அவருக்கும் தெரியாது. மார்சிலிங்ல எங்க சாப்பாட்டுக் கடைல இருந்துதான் ஷூட்டிங்குக்குச் சாப்பாடு போச்சு. நான் கேரியர் கொண்டு போவேன். ஹீரோயினுக்கு அரிசி மாவு பூசி மூஞ்சி வீங்கிப் போச்சு. முடியைப் பாத்துட்டு மேனேஜர் என்னை நிக்கச் சொன்னாரு. மூஞ்சியே தெரியாதும்மான்னாரு. எனக்கும் ஆசைதான். மூணு நாள் நின்னேன்.

— அப்ப நீயே சொல்லு! எதுக்குக் கத்துற? டைரக்டர் என்ன சொல்லிக் குடுத்தான்?

— ஒண்ணும் சொல்லிக் குடுக்கல. சும்மா அண்ணாந்து பாத்தாப் போதும்னாரு. கத்துறது கதைலயே கிடையாது.

— அப்புறம்?

— நான் கீழ வாசல்ல நிக்கிறேன், மேல மொட்டை மாடி கைப்பிடிச் சுவர் மேல ஒருத்தர் வாளியோட நின்னாரு. ரத்தத்தை மழை மாதிரி மெல்ல ஊத்தணும். கயிறு கிடையாது, பிடிச்சுக்க ஆள் கிடையாது. சுவரெல்லாம் ஈரம். நான் அண்ணாந்து பாக்குறேன், வாளியும் அவரும் சேந்து வர்றாங்க. என் காலடியில விழுந்தாரு. அதுக்குத்தாங்க கத்தினேன். கேமராவை நிறுத்தல. ‘பிரமாதம்’னு ஒரு குரல் கேட்டுச்சு. அது இப்பவும் காதுல கேக்குது.

— நிஜமாவா? ஆள் பிழைச்சானா?

— கால் முறிஞ்சுதுன்னாங்க. ஜொகூர்ல சொந்தக்காரங்க இருக்காங்க, அனுப்பிட்டோம்னாங்க. மறுநாள் கேரியரைத் தூக்கிட்டுப் போறேன், வீடு பூட்டிக் கிடக்கு, ஒரு ஆளைக் காணோம். பர்மிட்டே இல்லாமதான் எடுத்திருக்காங்க.

— பாவம். யாரு, இந்தியாவுல இருந்து வந்த லைட் பாயா?

— இல்ல, இந்த ஊர்தான். சேகர்னு கூப்பிடுவாங்க. அது நிஜப் பேரு இல்லன்னு அவரே சிரிப்பாரு. வீட்ல தெரிஞ்சா தோலை உரிச்சிருவாங்களாம். எங்க மீன் ஆணத்தைச் சோத்துல ஊத்தி வழிச்சுச் சாப்பிடுவாரு. சிவப்பு வெஸ்பால வருவாரு. சீட் கிழிஞ்சு பச்சை டேப் ஒட்டியிருக்கும்.

— என்ன டேப்?

— பச்சை. ஏங்க? அன்னிக்கு அவரை வேன்ல ஏத்தினப்ப அந்த வெஸ்பாவையும் தூக்கி ஏத்தினாங்க. ஆஸ்பத்திரிக்குப் போற ஆளுக்கு எதுக்கு வெஸ்பான்னு அப்ப எனக்குத் தோணவே இல்ல... என்னங்க?

— அந்த டேப்பை ஒட்டினது நான்.

— என்ன சொல்றீங்க?

— போலீஸ் ஸ்டேஷன்ல இருந்து அந்த வெஸ்பாவைத் தள்ளிட்டு வந்ததும் நான். மார்சிலிங் ரோட்டோரமா நானா வண்டி சறுக்கி விழுந்துட்டாருன்னாங்க. வண்டில ஒரு கீறல் இல்ல, நூரு. ஒரு கீறல்கூட இல்லையேன்னு சொன்னேன். சின்னப் பையன் பேச்சை எவன் கேட்டான்?

— இல்ல. இல்லங்க. அவரு சேகரு...

— வாளியில இருந்த ரத்தம்... எதுல செஞ்சாங்க?

— வேணாங்க.

— எதுல செஞ்சாங்க?

— ரோஸ் சிரப்ல. எங்க கடைல இருந்துதான் பாட்டில் பாட்டிலா வாங்கினாங்க.

— நானாவைக் குளிப்பாட்டினப்ப என்ன வாசனை வந்துச்சுன்னு உம்மா உன்கிட்ட சொல்லியிருக்காங்களா இல்லையா?

— ரோஜா. யா அல்லா... ரோஜா.

— தலையைக் கழுவக் கழுவத் தண்ணி சிவப்பா ஓடுச்சு. நான்தான் தண்ணி மொண்டு குடுத்தேன். அந்த இடமே மணத்துச்சு. பள்ளிவாசல் ஆலிம்சா அழுதுட்டாரு. ‘இது சொர்க்கத்து வாசனை, உங்க புள்ள நல்ல ரூஹு, நல்ல உசிரு’ன்னு வாப்பா கையைப் பிடிச்சாரு. வாப்பா அதை நினைச்சுக்கிட்டேதான் கண்ணை மூடினாரு. உம்மா இன்னிக்கும் நானாவுக்கு ஓதுற ஒவ்வொரு ஃபாத்திஹாவுக்கும் அதைச் சொல்லித்தானே அழறாங்க! அது சிரப்பா? வெறும் சிரப்பா, நூரு?

— கத்தாதீங்க! மாமிக்குக் கேட்டா அவங்க தாங்க மாட்டாங்க. அந்த வீடியோ டேப்பை எடுத்து எரிச்சிருங்க. போட்டி வேணாம், படமும் வேணாம். நமக்குள்ளயே இருக்கட்டும்.

— ரவூபு.

— உம்மா! நீங்க... எப்ப எழுந்தீங்க?

— நீங்க போடுற சத்தத்துல யாருக்குத் தூக்கம் வரும்?

— ஒண்ணுமில்ல உம்மா. சும்மா, ஒரு பழைய படத்தைப் பத்தி...

— அது சிரப்புன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்டா.

— என்ன?

— உங்க வாப்பா தேத்தண்ணிக் கடைல விடிஞ்சு அடைஞ்சா பால்ல ரோஸ் சிரப்பை ஊத்திப் பண்டுங் கலக்கினவ நான். எனக்கா அந்த வாசனை தெரியாது? கஃபன் துணி மூடறதுக்கு முந்தி அவன் நெத்தியில முத்தம் வச்சேன். உதட்டுல இனிச்சுது.

— தெரிஞ்சும் ஏன் உம்மா சொல்லல?

— ஆலிம்சா அந்த வார்த்தையைச் சொன்னதும் உங்க வாப்பா மூஞ்சில உசிரு வந்துச்சுடா. அதைப் போய் நான் பிடுங்கவா? அப்புறம் நானும் அதையே சொல்லிச் சொல்லிக் காலத்தை ஓட்டிட்டேன். ஆனா என் புள்ள எங்க விழுந்தான், எப்படிப் போனான், ஒண்ணும் தெரியல. கேக்க நாதியில்லாத ரோட்டுல தனியாக் கிடந்தானோன்னு நெஞ்சு அறுத்துக்கிட்டே இருந்துச்சு. நூரு, அழாத. இங்க வா, என் பக்கத்துல உக்காரு.

— மாமி, என்னை மன்னிச்சுருங்க மாமி...

— ரவூபு, அந்தப் படத்தைப் போடு. இந்த வீட்ல அவனுக்காக யாருமே வாய் விட்டு அழல. இவ கத்தினதையாவது நான் கேக்கணும்.