அந்தக் காட்சி நடக்கக்கூடியதுதான்

படம் எனக்குப் பிடித்திருந்தது. அதிலிருந்தே தொடங்குகிறேன், மேடம். நீங்கள் கேட்டது வேறு. ஆனால் இதைச் சொல்லாவிட்டால் மற்றது எதுவும் விளங்காது.

முதல் பாகம் வந்தபோது நான் பள்ளியில் படித்தேன். இரண்டாம் பாகம் வருகிறது, வருகிறது என்று பதினான்கு வருடம் சொன்னார்கள். கடைசியில் வந்தபோது எங்கள் அலுவலகமே சேர்ந்து போய்ப் பார்த்தது. நான் மட்டும் தனியாக, மதியக் காட்சிக்குப் போனேன். கூட்டத்தோடு போனால் யார் பக்கத்தில் உட்காருவது என்று யோசிக்க வேண்டியிருக்கும்.

எங்களுடையது ஜெனரேட்டர் பொருத்திப் பராமரிக்கும் சின்னக் கம்பெனி. மெக்கானிக்குகள் வெளியே சுற்றுவார்கள். நான் மின்னணுவியல் படித்தவள் என்பதால் உள்ளே, திரைக்கு முன்னால் இருப்பேன். சாந்தியாகோ நகரில் எங்கள் ஜெனரேட்டர் எங்கெங்கே ஓடுகிறது, எதில் டீசல் குறைகிறது என்று அதில் தெரியும். அதிகம் பேச வேண்டியதில்லை. நல்ல வேலை.

படத்தில் வில்லன் ஒரு நகரத்துக்குக் கரண்ட் வராமல் செய்கிறான். பிறகு லேப்டாப் வழியாகவே ஆஸ்பத்திரி ஜெனரேட்டரையும் கிளம்பவிடாமல் பூட்டிவிடுகிறான். படம் பார்த்தவர்கள் கருத்து எழுதும் இணையப் பக்கம் ஒன்று இருக்கிறது. இங்கே எல்லோரும் அதில்தான் எழுதுவார்கள். அன்று மாலை அதைத் திறந்தேன்.

"பதினாலு வருஷம் காக்க வெச்சுட்டு, ஹீரோ முட்டியைப் பிடிச்சுக்கிட்டு மாடி ஏர்றதைக் காட்டுறாங்க" என்று ஒருவர் எழுதியிருந்தார்.

"கரண்டை நிறுத்த எதுக்குடா தீவிரவாதி? நம்ம ஊர்ல மின்சார ஆபீஸ்காரன் அதைத் தினமும் சும்மாவே செய்றானே" என்று இன்னொருவர்.

அதற்குக் கீழே ஒரு பெண்: "அந்த வில்லன் எங்க தெருவுக்கு வரட்டும். எவனும் கண்டுக்க மாட்டான். பாவம், உக்காந்து அழுவான்."

நானும் சிரித்தேன். பிறகு புனைபெயரில் என் கருத்தை எழுதினேன். ஜெனரேட்டரைப் பூட்டும் காட்சி நடக்கக்கூடியதுதான் என்றும், படத்திலேயே சரியாக எடுக்கப்பட்ட காட்சி அதுதான் என்றும் எழுதினேன். ஏன் என்று பொறுமையாக விளக்கியிருந்தேன். யாரையும் மட்டம் தட்டவில்லை.

அடுத்த நாள் அதற்குக் கீழே ராதமேஸ் எழுதியிருந்தார். எங்கள் கம்பெனியின் மூத்த மெக்கானிக். அவர் சொந்தப் பெயரில், கையில் ஸ்பேனரோடு நிற்கும் படத்தைப் போட்டு எழுதுவார். "ஜெனரேட்டர்னா இரும்பும் டீசலும். ரெண்டு உதை விட்டா கிளம்பும். லேப்டாப்பாவது, பூட்டறதாவது. இதை எழுதினவங்க ஜெனரேட்டரைப் படத்துலதான் பார்த்திருப்பாங்க." அவ்வளவுதான். ஊரே அதற்கு இதயக்குறி போட்டிருந்தது. என் கருத்துக்கு ஒன்றுகூட விழவில்லை.

எழுதியது நான் என்று அவருக்குத் தெரியாது. மதியம் சோறும் பீன்ஸும் இறைச்சியும் தட்டில் இருக்க, அந்தக் கருத்தையும் தன் பதிலையும் எல்லோருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினார். என் எழுத்தைப் படிக்கும்போது மூக்கால் பேசினார். நன்றாகவே நடித்தார்.

"பட்டதாரியம்மா, நீங்களே சொல்லுங்க" என்றார் என் பக்கம் திரும்பி. "இது நடக்கிற காரியமா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"நடக்காது மேஸ்திரி" என்றேன்.

"பாத்தீங்களா? படிச்ச பொண்ணே சொல்லிடுச்சு. அந்தக் கிறுக்கு எந்தப் பள்ளிக்கூடத்துல படிச்சுதோ."

அவர் என் தட்டில் ஒரு வறுத்த வாழைக்காய்த் துண்டு வைத்தார். கெட்ட மனிதர் இல்லை. அதை உங்கள் குறிப்பில் சேர்த்துக்கொள்ளலாம்.

அறிவியல் படித்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒன்று நடக்காது என்று யாராவது சொன்னால் வாதாட மாட்டோம். செய்து பார்ப்போம்.

எங்கள் திரையில் ஒரு பூட்டு இருக்கிறது. மெக்கானிக் உள்ளே கை விட்டு வேலை செய்யும்போது ஜெனரேட்டர் தானாகக் கிளம்பிக் கையை நசுக்கிவிடக் கூடாது என்பதற்காக வைத்தது. அதைப் போட்டுவிட்டால் சாவி போட்டாலும் கிளம்பாது. வழக்கமாக மற்ற மெக்கானிக்குகள் போனில் சொல்ல, நான் போடுவேன். ராதமேஸ் மட்டும் அதைக் கேட்டதே இல்லை, வயரைக் கழற்றிவிட்டுத்தான் வேலை செய்வார். அன்று யாரும் சொல்லவில்லை. நானே போட்டேன்.

ஆற்றங்கரை கிளினிக் என்கிற அந்தத் தனியார் ஆஸ்பத்திரியை ஏன் எடுத்தேன் என்று கேட்டீர்கள். ராதமேஸ் அன்று சாப்பிட்டுவிட்டுப் போய் அதற்கு அடுத்த தெருவில் ஒரு பேக்கரியில் வேலையாக இருந்தார். கூப்பிட்டால் அவர்தான் வருவார். வேறு காரணம் இல்லை. அந்தப் பகுதியில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கரண்ட் போகும். அது ஊருக்கே தெரியும். நான் கரண்டை நிறுத்தவில்லை, மேடம். அது தானாகப் போனது.

ஒரு இடத்தில் நான் தவறாகக் கணக்குப் போட்டேன். ஒத்துக்கொள்கிறேன். படத்தில் விளக்கு அணைந்ததும் நர்ஸ்கள் ஓடுகிறார்கள். இங்கேயும் ஓடுவார்கள் என்று நினைத்தேன். எங்கள் ஊரில் கரண்ட் போனால் யாரும் எழுந்திருப்பதுகூட இல்லை. "போயிடுச்சு" என்று சொல்லிவிட்டு விட்ட இடத்திலிருந்து பேசுவார்கள். பின்னால் ஜெனரேட்டர் உறுமும், விளக்கு வரும். தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த நர்ஸ் தன் தங்கை கல்யாணத்துக்குத் தைத்த பாவாடையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாளாம். அதை முடித்துவிட்டுத்தான் திரும்பிப் பார்த்திருக்கிறாள். அவளை வேலையை விட்டு எடுத்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். அது நியாயமில்லை. பிறந்ததிலிருந்து காத்திருந்து பழகியவள், அன்றும் காத்திருந்தாள்.

அங்கே ஈடாலியா அம்மா இருந்தார். சந்தையில் வெண்ணெய்ப்பழம் விற்றவர். நிமோனியா. மூச்சுக்கு மெஷின். அந்த மெஷினின் பாட்டரி தேய்ந்துபோனது என்பது எனக்குத் தெரியுமா என்று நேற்றும் கேட்டீர்கள். தெரியும். ராதமேஸ்தான் சொல்வார். எத்தனை முறை சொன்னாலும் மாற்ற மாட்டேன் என்கிறார்கள் என்று திட்டிக்கொண்டே இருப்பார். கையால் அமுக்கிக் காற்று கொடுக்கும் பை அலமாரியில் இருந்தது. அலமாரிச் சாவி சாப்பிடப் போயிருந்தவரிடம் இருந்தது. அது எனக்குத் தெரியாது.

ராதமேஸ் போன் செய்தார். குரலில் சிரிப்புக்கூட இருந்தது.

"நியூர்கா, கிளினிக் மெஷின் மக்கர் பண்ணுது. உன் திரையில என்ன காட்டுது?"

"எல்லாம் சரியா இருக்கு மேஸ்திரி."

"டீசல் இருக்கு. பாட்டரியும் இருக்கு. சாவி போட்டா பொணமாட்டம் கிடக்கு."

"உதைச்சுப் பாருங்களேன்."

"உதைச்சுட்டேன்மா. என் கால்தான் வீங்குது."

ஸ்பேனர் விழும் சத்தம் கேட்டது. யாரோ மாடிப்படியில் இறங்கி ஓடி வந்தார்கள். பிறகு ஒரு பெண் கத்தினாள், என்ன சொன்னாள் என்று புரியவில்லை. ஈடாலியா அம்மாவின் மகள் என்று பின்னால் சொன்னார்கள்.

"ஏதாவது பண்ணும்மா" என்றார் ராதமேஸ். இப்போது சிரிப்பு இல்லை. "மேல ஒரு கிழவிக்கு மூச்சு நிக்குதாம்."

"உங்களால கிளப்ப முடியாதா மேஸ்திரி?"

"இரு. இன்னொரு வயர் பாக்கறேன்."

பார்த்தார். நான் காத்திருந்தேன். என் கை மவுஸின் மேலேயே இருந்தது, எடுக்கவில்லை. ஒரே ஒரு சொடுக்கு. அது எனக்குத் தைரியமாக இருந்தது, எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடலாம் என்று.

"கிளப்ப முடியுமா, முடியாதா?" என்று மறுபடியும் கேட்டேன்.

"இருன்னு சொல்றேன்ல. இந்தக் கையில எத்தனை மெஷின் கிளம்பியிருக்கு. இதுவும் கிளம்பும்."

எனவே இருந்தேன். அந்தப் பெண் கத்துவது நின்று, வேறு மாதிரியான சத்தம் வந்தது. ராதமேஸ் மூச்சு வாங்கினார்.

"முடியலை" என்றார். "என்னால முடியலைம்மா. இது என் கைக்கு அடங்கலை."

நான் பூட்டை எடுத்தேன். ஜெனரேட்டர் உடனே கிளம்பியது. நல்ல மெஷின் அது. கரண்ட் வந்தால் எங்கள் ஊரில் எல்லோரும் கூவிக் கை தட்டுவார்கள் இல்லையா, அதேபோல் கிளினிக்கின் கீழ்த்தளத்தில் நோயாளிகளும் கூட வந்தவர்களும் "வந்துடுச்சு!" என்று கை தட்டியது போனில் கேட்டது. மாடியில் யாரும் தட்டவில்லை.

ராதமேஸ் போனைக் காதோடு வைத்து, "நீ என்னம்மா பண்ணின?" என்றார். "ஒண்ணும் பண்ணலை மேஸ்திரி" என்றேன். அது பொய். இங்கே உங்களிடம் அந்தப் பொய்யைச் சொல்லவில்லை. பூட்டியது நான். பார்த்துக்கொண்டிருந்தது நான். எடுக்கத் தாமதித்தது நான்.

ஆனால் நீங்கள் தட்டச்சு செய்து காட்டிய தாளில் கொலை என்று இருக்கிறது. அந்த இடத்தில் கையெழுத்துப் போட எனக்குத் தயக்கமாக இருக்கிறது. எனக்கு அந்த அம்மா மேல் ஒரு வருத்தமும் கிடையாது. எனக்கு வேண்டியிருந்தது ஒரு வார்த்தை. அதைச் சொல்ல ராதமேஸுக்கு இரண்டு முறை வாய்ப்புக் கொடுத்தேன். முதல் தடவை கேட்டபோதே முடியவில்லை என்று ஒத்துக்கொண்டிருந்தால் ஈடாலியா அம்மா இன்று சந்தையில் இருப்பார்.

ராதமேஸைக் கூப்பிட்டு விசாரித்தீர்களா, மேடம்?