குட்டை மரம் தோற்ற மரம் அல்ல

மேடையில் இருக்கும் நம் பழமரச் சங்கத் தலைவர் திருச்செல்வம் அவர்களே, மறைந்த டாக்டர் ஜெரால்டின் அம்மையாரின் குடும்பத்தாரே, இந்தப் பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்தில் கூடியிருக்கும் அன்பர்களே!

முதலில் நடந்த அநியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். அழுகை பிறகு. ஜெரால்டின் அம்மையார் மருத்துவமனையில் கிடந்தபோது, அவர் உழைத்த ஆய்வு நிலையம் அவருடைய மாமரங்களை அளந்து பார்த்தது. "மரங்கள் உயரவில்லை, சோதனை தோல்வி" என்று எழுதி ஆய்வை மூடியது. வருகிற திங்கட்கிழமை நிலையத்தின் சுங்கை வே தோட்டத்தில் அத்தனை மரத்தையும் வெட்டப் போகிறார்கள்.

உயரவில்லையாம்! உயரக் கூடாது என்பதற்காகத்தானே அவர் பாடுபட்டார்?

மரத்தை நெட்டையாக வளர்ப்பது ஜிப்ரலின் என்ற ஹார்மோன். அவர் தேர்ந்தெடுத்த மரத்திலும் அது ஊறுகிறது. ஆனால் அந்த மரத்தில் ஒரு ஜீன் மாறியிருக்கிறது. ஹார்மோன் "வளரு, வளரு" என்றாலும் மரம் கேட்பதில்லை. கிளையை நீட்டாமல் பூ எடுக்கிறது. அடுக்குமாடி வீட்டு ஓரத்தில், கைக்கு எட்டும் உயரத்தில் காய்க்கிறது. இதுவா தோல்வி?

கம்போங் மேடானில் ஒருநாள் மாரியாயி அக்கா, காய்க்காத தன் நெட்டை மாமரத்தைப் பாராங்கத்தியால் கொத்திக்கொண்டிருந்தார். "காய்க்கிறியா, வெட்டவா?" நாமெல்லாம் மரத்தை மிரட்டுகிறவர்கள்தானே! டாக்டரும் நானும் அந்தப் பக்கம் போனோம்.

"அக்கா, மரம் பயந்துச்சா?"

"பயப்படாம? போன தடவ அதட்டினேன், காய்ச்சிச்சே லா!"

"பயந்து இல்லக்கா. பட்டையில காயம் பட்டா, இலை செய்யற சாப்பாடு வேருக்கு இறங்காம மேலேயே நிக்கும். அதான் பூக்குது. ரொம்பக் கொத்தினா செத்துடும். மிரட்டவே வேண்டாத மரம் நான் கொண்டு வரேன்."

"கொண்டு வாங்க டாக்டர், பார்ப்போம். காய்க்கலன்னா இந்தப் பாராங் உங்களுக்குத்தான்!"

கொண்டு வந்தார். நட்டார். காய்த்தது! அக்கா இதோ முன்வரிசையில் இருக்கிறார். அளக்க வந்தவர்களில் ஒருவராவது அவரைக் கேட்டார்களா? ஒரு பழமாவது தின்று பார்த்தார்களா? அளவுகோலை மட்டும் எடுத்து வந்தார்கள்!

நிலையத்தாரே, கேளுங்கள். அந்த ஜீன் ஒவ்வொரு மொட்டிலும் இருக்கிறது. அந்த மொட்டைச் சாதாரண மாங்கன்றில் ஒட்டினாலும், அதிலிருந்து வளரும் மரம் குட்டையாகத்தான் நிற்கும். ஜெரால்டினை நீங்கள் தோற்றவர் என்று எழுத முடியாது. நாங்கள் விடமாட்டோம்!

இனி வேலையைச் சொல்கிறேன். தலைவர் திருச்செல்வம் நாளைக்கே நிலையத்துக்குப் போய், வெட்டுவதை நிறுத்தச் சொல்ல வேண்டும். "தோல்வி" என்ற சொல்லை அறிக்கையிலிருந்து அடித்துவிடச் சொல்ல வேண்டும். மாரியாயி அக்கா டாக்டர் நட்ட தன் குட்டை மரத்திலிருந்து ஒட்டுக்குச்சி தர வேண்டும். தம்பி யுகேந்திரன் கிள்ளானிலிருந்து லோரியில் மாங்கன்றுகள் ஏற்றி வர வேண்டும். ஒட்டத் தெரிந்தவர்கள் எல்லாரும் ஞாயிற்றுக்கிழமை கம்போங் மேடானுக்கு வர வேண்டும். வீட்டு ஓரத்தில் கையளவு மண் உள்ளவர்கள் ஆளுக்கொரு கன்று வாங்கிக்கொள்ள வேண்டும்.

திங்கட்கிழமை காலையில் சுங்கை வே தோட்டத்து வாசலில் நிற்பது என் வேலை. வெட்ட வருகிறவர்கள் முதலில் என்னைத் தள்ளட்டும்.