ஒரிஜினலில் இல்லாத ஒயர்

பழைய பொருள்கள் மேல் எனக்கு எந்த விரோதமும் கிடையாது. என் அறையில் ஓடும் டேபிள் ஃபேன் அப்பா குடியாத்தத்தில் வாங்கியது. நான் பிறப்பதற்கு முந்தியது, இன்றைக்கும் நன்றாகக் காற்று வரும். ஆனால் அதற்கு நான் மாலை போட்டுக் கும்பிட்டதில்லை. ஃபேன் ஃபேன்தான். இந்தச் சின்ன விஷயம் எங்கள் ஆபீஸில் யாருக்கும் புரியவில்லை.

என் பெயர் உத்தமன். எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு சிறிய கம்பெனியில் வேலை பார்த்தேன். போனிலும் கம்ப்யூட்டரிலும் ஆடுகிற பின்பால் விளையாட்டுகள் செய்கிற இடம். உங்களுக்குப் பழக்கம் இருக்காது சார். கண்ணாடி மூடிய ஒரு சாய்வான மேஜை, அதற்குள் ஓர் இரும்புப் பந்து, பந்து கீழே விழுந்துவிடாமல் தட்டித் தட்டி மேலே அனுப்ப இரண்டு துடுப்புகள். பக்கத்தில் இருக்கும் பொத்தானை அழுத்தினால் துடுப்பு எழும்பும். அவ்வளவுதான். திரையில் அந்தப் பந்து எப்படி உருள வேண்டும், எதில் பட்டால் எவ்வளவு துள்ள வேண்டும் என்று எழுதுகிறவன் நான். அடக்கமாகச் சொன்னால், இந்த ஊரில் அதை என்னைவிட நன்றாகச் செய்கிறவர்கள் இல்லை.

நானே யோசித்து ஒரு மேஜை செய்திருந்தேன். ஓர் அணைக்கட்டு. மழை ஏற ஏறப் பந்துகள் ஒவ்வொன்றாக மதகுக்குப் பின்னால் சேரும். அணை நிரம்பியதும் மதகுகள் திறந்து எல்லாப் பந்தும் ஒரே நேரத்தில் பாய்ந்து வரும். மரத்திலும் இரும்பிலும் அப்படி ஒன்றை யாராலும் செய்ய முடியாது, அதனால்தான் செய்தேன். ஆடிப்பார்த்துப் பிழை சொல்லும் வேலையில் இருந்த தாரணி, அதை முதல் தடவை ஆடிய அன்று மதியம் சாப்பிடப் போக மறந்துவிட்டாள்.

அதை வெளியிடவில்லை. ஆடுகிறவர்கள் அதைக் கேட்கவில்லையாம். அவர்கள் கேட்டது அறுபதுகளின் மெஷின்களை. சிப் கிடையாது, திரை கிடையாது. உள்ளே ரிலே என்கிற காந்த சுவிட்சும் மோட்டாரும் மணியும், ஸ்கோர் காட்ட உருளுகிற எண் சக்கரங்களும். அமெரிக்காவில் ஒருவர், போலந்தில் ஒருவர், இப்படி உலகத்தில் வேறு கவலையே இல்லாத சிலர் ஓர் இணையதளத்தில் கூடி உட்கார்ந்து, எண் சக்கரம் திரும்புகிற சத்தம் டக்கா டொக்கா என்று பக்கம் பக்கமாகச் சண்டை போடுவார்கள். இருப்பதிலேயே நல்ல கம்ப்யூட்டரை வாங்கி வைத்துக்கொண்டு, கம்ப்யூட்டரே இல்லாத ஒன்றை அதில் ஆட வேண்டும் என்று அழுவார்கள். இவர்களுக்கு ரசிகர்கள் என்று பெயர்.

இந்த ரசிகர்களுக்கும் எங்களுக்கும் நடுவில் இருந்தவன் ப்ரஹ்லாத். அவர்கள் எழுதுவதைப் படித்து எங்களிடம் வந்து சொல்வது அவன் உத்தியோகம். அந்த மெஷின்கள் செய்யப்பட்டபோது அவன் அப்பாவே டவுசர் போட்டுக்கொண்டிருந்திருப்பார். ஆனாலும் அவற்றைப் பற்றிப் பேசினால் அவன் கண் கலங்கும். தன்னிடம் இல்லாமலே இருந்த ஒன்றைத் தொலைத்துவிட்டதாக நினைத்து அழ ஒரு தனித் திறமை வேண்டும். எங்கள் தலைமை வீணா மேடத்தை அவன்தான் கரைத்தான். அடுத்த வெளியீடு பழைய மெஷின் என்று முடிவாயிற்று. என் அணைக்கட்டை என்ன செய்வது என்று மேடம் கேட்டார்.

"அதையும் கூடவே ஃப்ரீயா குடுத்துடலாம் மேடம்," என்றான் ப்ரஹ்லாத். "சும்மா கிடக்கறதுக்கு அது பெட்டர்."

கீரை வாங்கினால் கொசுறாகக் கறிவேப்பிலை போடுவார்களே, அப்படி. நான் அதே மேஜையில்தான் உட்கார்ந்திருந்தேன். காபி ஆறிப்போயிருந்தது, குடித்து முடித்தேன்.

நகல் எடுக்க ஒரு நிஜ மெஷின் வேண்டும். ஆஸ்டின் டவுனில் தியோடர் என்ற பெரியவர் வீட்டு ஹாலில் ஒன்று இருந்தது. ஏதோ கிளப் மூடியபோது எடுத்து வந்ததாம். நானும் ப்ரஹ்லாதும் போனோம். அவன் வாசலிலேயே கைகட்டி நின்றுவிட்டான். அவன் தேடிவந்த தெய்வத்தின் கண்ணாடிமேல் இஸ்திரி போட்ட துணிகள் அடுக்கியிருந்தன.

"தாராளமா எடுத்துட்டுப் போங்கப்பா," என்றார் தியோடர். "என் சம்சாரம் நோராவுக்குத் துணி வைக்க ஒரு பெஞ்ச் வாங்கிக் குடுத்துட்டா போதும்."

அந்த வீட்டில் அறிவோடு பேசியவர் அவர் ஒருவர்தான்.

அதற்குப் பிறகு சில மாதம் என் பிழைப்பு இப்படிப் போயிற்று. மெஷினைச் சுற்றி மைக் வைத்து ஒவ்வொரு மணியையும், ஒவ்வொரு ரிலேயையும் பதிவு செய்து விளையாட்டுக்குள் வைப்பேன். ப்ரஹ்லாத் வந்து ஹெட்போன் மாட்டிக் கண்ணை மூடிக்கொண்டு ஆடுவான். பிறகு கழற்றிவிட்டு என் தோளில் கை வைப்பான். இந்த ஊர் வழக்கப்படி எல்லாரையும் குரு என்றுதான் கூப்பிடுவான்.

"எல்லாம் கரெக்ட் குரு. ஆனா சத்தம் செட் ஆகல. மெஷின் தன்னால ஆடற மாதிரி இருக்கு. ஒரு ஆள் நின்னு ஆடற மாதிரி இல்ல."

மாற்றுவேன். மறுபடியும் அதே பேச்சு. ஒருமுறை எதையுமே மாற்றாமல் அப்படியே திருப்பிக் கொடுத்தேன். கொஞ்சம் பரவாயில்லை என்றான். இப்படிப்பட்ட காதுக்குத்தான் நான் வேலை செய்துகொண்டிருந்தேன். இது போதாதென்று ரசிகர்களோடு வீடியோவில் பேசும்போது, "எங்க உத்தமன் மாடர்ன் ஆளு, பழசு அவருக்கு மெதுவாத்தான் புரியும்" என்றான். உலகம் முழுவதும் இருந்து சிரிப்புப் பொம்மைகள் வந்து விழுந்தன. அவனும் என்னைப் பார்த்துச் சிரித்தான். கெட்ட எண்ணம் இல்லாத சிரிப்புதான், அதை மறுக்கவில்லை. மாட்டுக்கு உண்ணி எடுப்பவன் அதன் முதுகைத் தட்டுவானே, அந்த மாதிரி.

அவனுக்கு எல்லாம் ஒரிஜினலாக இருக்க வேண்டும். தியோடர் போட்டிருந்த புது பல்புகளை எடுத்துவிட்டு எங்கிருந்தோ பழைய பல்புகளை வரவழைத்தான். மெஷின் இருந்த அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போவான். மற்றவர்களும் அப்படியே பழகிக்கொண்டார்கள். படித்தவர்கள், கம்பெனி காரில் வந்து போகிறவர்கள்.

ஆயுத பூஜை வந்தது. லீவுக்கு முந்தின நாள் ஆபீஸில் பூஜை. வழக்கமாகக் கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைத்து, பூசணிக்காய் உடைத்து, பொரி கடலை தின்றுவிட்டு வீட்டுக்குப் போவோம். இந்தத் தடவை பின்பால் மெஷினுக்குப் பூஜை, அது ரசிகர்களுக்கு நேரலை. ப்ரஹ்லாத்தான் பூசாரி. பூஜைக்கு முந்தின நாள் மதியம் என்னிடம் வந்தான்.

"குரு, பின்னாடி அந்தப் பச்சை ஒயர் பாரு. போட்டோ போட்டதுக்கே கேட்டுட்டாங்க, ஒரிஜினல்ல இது கிடையாதாமே. லைவ்ல அசிங்கமா தெரியும். எடுத்துடேன்."

"எடுக்கணுமா?" என்று கேட்டேன். தாரணி பக்கத்தில்தான் இருந்தாள், அவளிடம் விசாரித்துக்கொள்ளலாம்.

"எடுத்துடு குரு. ஒரிஜினல் எப்படியோ அப்படியே இருக்கட்டும்."

அந்த ஒயர் எதற்கு என்று அவன் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்திருந்தது. ஆஸ்டின் டவுனில் அவன் லாரிக்கு வழி சொல்ல வெளியே போயிருந்தபோது, தியோடர் என்னை மெஷினுக்குப் பின்னால் கூப்பிட்டுக் காட்டியிருந்தார்.

"இது எர்த்து தம்பி, நான் போட்டது. முந்தி நோரா இதைத் துடைக்கறப்போ சுரீர்னு அடிச்சு கீழ தள்ளிடுச்சு. செருப்புப் போட்டிருந்தா, பொழைச்சா. உள்ள எங்கயோ லீக் ஆவுது, எவனாலயும் கண்டுபிடிக்க முடியல. எதை வேணா மாத்துங்க, இந்த ஒயரை மட்டும் எடுத்துடாதீங்க."

அதை நான் ப்ரஹ்லாதிடம் சொல்லவில்லை. அவன் ரசிகர்களைக் கேட்கிறவன், என்னைக் கேட்கிறவன் இல்லை. சொன்னதைச் செய்தேன். யோசித்துப் பார்த்தால், அவன் கேட்டதை நான் குறையில்லாமல் செய்து கொடுத்தது அதுதான் முதல் தடவை.

ஒயரை எடுத்த பிறகு மெஷினைப் போட்டு, முன்பக்கத்து இரும்புப் பட்டையில் டெஸ்டரை வைத்துப் பார்த்தேன். டெஸ்டருக்குள் விளக்கு எரிந்தது, பட்டையில் கரண்ட் இருந்தது. மெஷினை அணைத்து, டெஸ்டரை டிராயரில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். அன்றைக்கு பிசிபேளே பாத், நன்றாக இருந்தது.

இந்த மாதிரி கசிவு வந்தால் தானாக மின்சாரத்தை நிறுத்தும் வசதி எங்கள் கட்டடத்தில் உண்டே என்று கேட்டீர்கள். உண்டு. எல்லா பிளக்குக்கும் இல்லை. எதற்கு இல்லை என்று எனக்குத் தெரியும். வீடியோவுக்கு வெளிச்சம் நன்றாக விழும் என்று சொல்லி மெஷினை அந்தப் பக்கம் நகர்த்தியவன் நான்தான். கோலத்துக்காகத் தரையைத் தண்ணீர் விட்டுத் துடைக்கச் சொன்னது மட்டும் நான் இல்லை. அதை ப்ரஹ்லாதே சொன்னான்.

மறுநாள் காலையில் மெஷினுக்குச் சாமந்தி மாலை, இரண்டு பக்கமும் வாழைக்கன்று, இரும்புப் பட்டை முழுக்கச் சந்தனம், குங்குமம். ப்ரஹ்லாத் வேட்டியில் வந்திருந்தான். கற்பூரம் காட்டி, மாவிலையால் எல்லார் மேலும் தீர்த்தம் தெளித்தான். எல்லாரும் வெறுங்காலோடு நின்றார்கள்.

"அண்ணா, ஷூ," என்றாள் தாரணி மெதுவாக.

"சாக்ஸ் ஓட்டைம்மா," என்றேன். சிரித்தாள்.

பூஜை முடிந்து மெஷினைப் போட்டார்கள். பல்புகள் எரிந்தன. ப்ரஹ்லாத் கேமராவைப் பார்த்து ஏதேதோ பேசிவிட்டு, திடீரென்று என் பக்கம் கையை நீட்டினான்.

"இதுக்காக ரொம்பக் கஷ்டப்பட்டவர் எங்க உத்தமன். நான் அவரை நிறையப் படுத்திட்டேன். முதல் பந்து அவர்தான் போடணும். வா குரு."

எல்லாரும் கைதட்டினார்கள். வீணா மேடம் என்னை முன்னால் தள்ளினார். இந்த இடத்தில் என் மனம் இளகவில்லையா என்று கேட்டீர்கள். சார், கூட்டம் பார்க்கும்போது தாராளமாக இருப்பது சுலபம். ஆள் இல்லாதபோது அவன் என் அணைக்கட்டைக் கொசுறாக்கினவன்.

"எங்க ஊர்ல பூஜை பண்ண கைதான் முதல்ல தொடணும்," என்றேன். "அதுதான் சம்பிரதாயம்."

எங்கள் ஊரில் அப்படி ஒரு வழக்கமே கிடையாது. அந்த நிமிஷத்தில் நானாகச் சொன்னது. பழசு என்று எதைச் சொன்னாலும் அவன் நம்புவான் என்று எனக்குத் தெரியும். அவன் முகம் மலர்ந்துபோயிற்று. "சக்கத்," என்று கன்னடத்தில் பாராட்டினான். மெஷினைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளக் குனிந்தான், பிறகு கேமராவுக்காக நிமிர்ந்துவிட்டான். பந்தை விட்டான். பொத்தான் மரத்தில் இருப்பதால் முதலில் ஒன்றும் ஆகவில்லை. பந்து கீழே வந்ததும் அவன் இரண்டு பொத்தானையும் அழுத்திக்கொண்டு இரும்புப் பட்டைமேல் சாய்ந்தான்.

அவன் கத்தவில்லை. கை விடவுமில்லை. துடுப்புகள் இரண்டும் தூக்கியபடியே நின்றன, பந்து அவற்றின் மடியில் அசையாமல் இருந்தது. அவன் பக்தியில் சாய்ந்து நிற்பதாகக் கொஞ்ச நேரம் எல்லாரும் நினைத்தார்கள். ரசிகர்கள் இதயப் பொம்மைகள் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். தாரணிதான் முதலில் அலறினாள். நான் போய் சுவிட்சை அணைத்தேன். உடனே போனேனா என்று கேட்டீர்கள். போனேன். நடந்து போனேன், தரை ஈரமாக இருந்தது.

ஆம்புலன்ஸ் மேம்பாலத்தில் சீக்கிரமாகத்தான் போயிற்று. பயனில்லை. பழைய மெஷின், பழைய ஒயரிங், விபத்து என்று எழுதினார்கள். சமயத்தில் சுவிட்சை அணைத்தேன் என்று வீணா மேடம் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அணைக்கட்டைத் தனியாகவே வெளியிடலாம் என்றும் சொன்னார். இருக்கட்டும் மேடம், முதலில் ப்ரஹ்லாத் ஆரம்பித்ததை முடிப்போம் என்றேன்.

அதைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. அன்றைக்கு மைக்குகள் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. சத்தத்தை எடுத்துக் கேட்டேன். ஒரு மனிதன் தன் எடை முழுவதையும் மெஷின்மேல் போட்டு, பொத்தானை விடாமல் பிடித்திருக்கும்போது மட்டும் வருகிற ஒரு ரீங்காரம் அதில் இருந்தது. மாதக்கணக்காக நான் தேடியது. கற்பூரத் தட்டு மணியையும் பேச்சையும் நீக்கிவிட்டு அதை மட்டும் வெட்டி எடுத்து, துடுப்புகளுக்கு அடியில் வைத்தேன். தாரணியின் அலறல் தொடங்குவதற்குச் சற்று முன்னால் வெட்ட வேண்டியிருந்தது. நுணுக்கமான வேலை.

வெளியான வாரமே ரசிகர்கள் கொண்டாடினார்கள். இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு பழைய மெஷினைத் திரையில் கேட்டதில்லை, பக்கத்தில் யாரோ நின்று ஆடுகிற மாதிரியே இருக்கிறது என்று எழுதினார்கள். தாரணி விடுப்பிலிருந்து திரும்பி வந்த அன்றுதான் அதை ஆடினாள். பாதியில் ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். என்னை ஒருமுறை பார்த்துவிட்டு வெளியே போனாள். நேராக உங்களிடம்தான் வந்திருக்கிறாள். நல்ல காது அவளுக்கு, அந்த ஆபீஸில் அவளுக்கு மட்டும்தான்.

ஆகவே, ஆமாம் சார். தெரிந்துதான் எடுத்தேன், தெரிந்துதான் நகர்த்தினேன், தெரிந்துதான் அவனை முதலில் தொடச் சொன்னேன். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அந்தச் சத்தத்தை நீங்களும் ஒருமுறை ஹெட்போன் வைத்துக் கேட்டுப் பார்க்க வேண்டும். ப்ரஹ்லாத் கேட்டிருந்தால் இந்தத் தடவை ஒரு குறையும் சொல்லியிருக்க மாட்டான்.