யாருக்காவது காயம் உண்டா

கோப்பி நன்றாக இருக்கிறது, இன்ஸ்பெக்டர். என் மனைவி ஃபிளோரா போடுவதைவிடக் கொஞ்சம் கெட்டியாகவே இருக்கிறது. அவளிடம் இதைச் சொல்லிவிடாதீர்கள்.

நீங்கள் ராக்கம்மாவைப் பற்றித்தான் கேட்கிறீர்கள். அந்த வெளிச்சத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நீங்களும் அரசாங்க ஆள்தானே. ஆகவே நானே அதிலிருந்து தொடங்குகிறேன்.

என் பெயர் யாகப்பன். கோலா பிலாவிலிருந்து தம்பின் போகும் சாலையில், உள்ளே தள்ளி இருக்கும் ரப்பர் தோட்டத்தில் டிரசர். தோட்டத்து ஆஸ்பத்திரி என்றால் சில கட்டில்கள், ஒரு மருந்தலமாரி, நான். டாக்டர் எப்போதாவது வருவார். மற்ற நாளெல்லாம் காய்ச்சலுக்கும் பிரசவத்துக்கும் நான்தான். யாருக்கு உடம்பு முடியவில்லை, யார் வேலைக்குப் போகலாம் என்று தீர்மானிப்பதும் நான்தான். அதனால் லயத்து வீடுகளில் இருக்கும் ஜனங்கள் என் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு பேசுவதில்லை.

1981-ஆம் வருடக் கடைசி, மழைக்காலம். காலைப் பெரட்டுக்கு ஆட்கள் வந்து வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். வேலை வாங்கும் மண்டோர் சன்னாசி பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். இன்னும் சரியாக விடியவில்லை. பழைய காட்டுப் பக்கம், மரங்களுக்கு மேலே ஆரஞ்சு நிறத்தில் ஒரு வெளிச்சம் நின்றது. சத்தம் இல்லை. விமானம் அப்படி ஓரிடத்தில் நிற்காது. நட்சத்திரம் அவ்வளவு பெரிதாக இருக்காது. கொஞ்ச நேரம் நின்று, மலைப்பக்கம் சரிந்து மறைந்தது. மற்றவர்கள் மண்டோர் பக்கம் திரும்பி நின்றார்கள். என் பக்கத்தில் நின்றவள் ராக்கம்மா. புல்லைக் கருக்க மருந்தடிக்கும் வேலை செய்பவள்.

நான் சொன்னதைக் கேட்டுத் தோட்டத்துத் துரை சிரித்தார். முதல்நாள் என்ன குடித்தாய் என்று கணக்கெழுதும் கிராணி கேட்டார். வானத்து ஆட்களுக்கு டிரசர் ஊசி போடப் போகிறார் என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள். அந்த லயத்துப் பிள்ளைகளில் பாதியை வெளியே எடுத்தது என் கை. பொறுத்துக்கொண்டேன்.

அரசாங்கம் கேட்கும் என்று நம்பினேன். மலேரியாக் கொசுவைத் தேடிச் சாக்கடை சாக்கடையாக ஆள் அனுப்புகிறார்கள். ரப்பர் இலையில் ஒரு புள்ளி விழுந்தால் ஆராய்ச்சி செய்கிறார்கள். தங்கள் ஆகாயத்தில் ஒன்று வந்து நின்றுவிட்டுப் போனால், அது என்னவென்று பார்க்க ஒரு ஆள், ஒரு கருவி, கொஞ்சம் பணம் ஒதுக்கக் கூடாதா? நான் கேட்டது அவ்வளவுதான். நிதானமாக யோசித்தால் நீங்களும் ஒப்புக்கொள்வீர்கள்.

சிரம்பானுக்குப் பஸ் ஏறி அரசாங்க ஆபீசுக்குப் போனேன். திருநாவுக்கரசு என்ற அதிகாரி என்னை உட்காரவைத்து முழுக்கக் கேட்டார். கெமாஸ் பக்கம் ராணுவப் பயிற்சி நடக்கிறது, அவர்கள் வானத்தில் சுட்டுவிடும் விளக்காக இருக்கும் என்றார். இல்லை என்றேன். அவர் பேனாவை மூடினார்.

"யாருக்காச்சும் காயம் உண்டா, மிஸ்டர் யாகப்பன்? காயம் இருந்தா டாக்டர அனுப்பலாம், ஆராய்ச்சிக்குப் பணம் கேக்கலாம். வெறும் வெளிச்சத்துக்கு மேல யாரும் காசு தரமாட்டாங்க லா."

நான் வெளியே வந்ததும் உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் கேள்வியில் நியாயம் இருந்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில் அதையேதான் யோசித்தேன்.

அந்த வாரமே ராக்கம்மா முழங்கைக்குக் கீழே சொறி என்று வந்தாள். மருந்தடிப்பவர்களுக்கு அது சகஜம், களிம்பு தடவினால் ஆறிவிடும். வெளிச்சத்தைப் பார்த்தாயே, அதற்குப் பிறகா வந்தது என்று கேட்டேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். ஆமாங்கய்யா, அதுக்கப்பறந்தாங்க என்றாள். நான் வற்புறுத்தவில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் சொறியைக் காட்டி யாரையும் சிரம்பானிலிருந்து வரவழைக்க முடியாது. தோட்டத்து ஸ்டோரில் புல்லு மருந்து இருந்தது. டிரசர் கேட்டால் எதற்கு என்று கேட்கமாட்டார்கள். அதைக் களிம்பில் கலந்தேன். கட்டுப் போட்டேன், வேலைக்குப் போகாமலிருக்க எம்சி கொடுத்தேன், கட்டிலில் படுக்கவைத்தேன். ஒவ்வொரு நாளும் கட்டை நானே மாற்றினேன். கல்யாணமான பிறகு பகலில் படுத்ததே இல்லை என்று அவள் சொன்னாள். ஃபிளோரா கஞ்சி வைத்து அனுப்பினாள். இவ்வளவு நல்லா யாரும் என்னைக் கவனிச்சதில்லீங்க என்று ராக்கம்மா அழுதாள்.

காயம் நான் எதிர்பார்த்ததைவிட நன்றாக வந்தது. திருநாவுக்கரசுக்குப் போன் செய்தேன். இந்த முறை அவர் சிரிக்கவில்லை. திங்கட்கிழமை ஒரு டாக்டரையும், கோலாலம்பூரிலிருந்து ஒருவரையும் கூட்டிவருவதாகச் சொன்னார். கட்டை யாரும் தொடாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை அவளுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. உதடு நீலமாகிவிட்டது. அந்த மருந்து உடம்புக்குள் போனால் நுரையீரலை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். நான் படித்தவன். அவள் புருஷன் மாயாண்டி துரையிடம் கெஞ்சித் தோட்டத்து லாரியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினான். கோலா பிலா பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் என்றான். அங்கே கொண்டுபோனால் முதல் வேலையாக அவள் கையைக் கழுவித் துடைத்துவிடுவார்கள். திங்கட்கிழமை வருகிறவர்களுக்குக் காட்ட என்ன மிஞ்சும்? அசைத்தால் உயிருக்கு ஆபத்து என்று மாயாண்டியிடம் சொன்னேன். அவன் என்னைக் கும்பிட்டான். லாரி திரும்பிப் போயிற்று.

ஞாயிறு மத்தியானம் அவள் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டாள். பேச்சு விட்டுவிட்டு வந்தது.

"ஐயா, கோவிச்சுக்காதீங்க. நா ஒண்ணும் பாக்கலீங்க. பூட்ஸுக்குள்ள அட்டை ஏறிக்கிச்சு, குனிஞ்சு அதத்தான் புடுங்கிக்கிட்டு இருந்தேன். டிரசர் ஐயா கேக்குறப்ப இல்லேன்னு எப்படிச் சொல்றதுன்னு ஆமான்னுட்டேன். அந்தப் பொய்க்குத்தான் சாமி எங் கைய இப்படிப் பண்ணிருச்சுங்களா?"

பேசாமல் படு என்றேன். போர்வையை இழுத்துவிட்டேன். விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவள் போய்விட்டாள்.

மறுநாள் சொன்னபடியே வந்தார்கள். டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்தார், என்னை நிமிர்ந்து பார்த்தார். வெளிச்சத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. களிம்பு டப்பா எங்கே என்றுதான் கேட்டார். திருநாவுக்கரசு வாசலுக்குப் போய் நின்றுகொண்டார்.

புல்லு மருந்தைக் கலந்தது நான். லாரியைத் திருப்பி அனுப்பியதும் நான். இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அவள் கடைசியாகச் சொன்னதை மட்டும் சேர்க்க வேண்டாம். மூச்சு முட்டும்போது ஜனங்கள் எதையாவது சொல்வார்கள், நான் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். அவள் பார்த்தாள். பக்கத்தில் நின்ற எனக்குத் தெரியாதா? அவள் பார்க்கவில்லை என்று எழுதினால், இன்ஸ்பெக்டர், நான் ஒரு பெண்ணைச் சும்மா கொன்றுவிட்டேன் என்றல்லவா ஆகிவிடும்.